உலகன்னானுக்குக் கிருபை வேண்டாம்

ஆயர் இல்லம்
ஜனவரி 10, 1994

தேவகிருபையால் மெத்ராப்போலீத்தாவாகிய ஆபிரகாம், அன்புள்ள மூத்த சகோதரி சோசாம்மாவுக்கு எழுதுவது. சமாதானம் உண்டாகட்டும்.

முழங்கால் வலிக்கு அனுப்பிய தைலம் கிடைத்ததா? நமக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது. மற்றபடி சுகம்.

ஒரு நல்ல செய்தி சொல்லவே இந்தக் கடிதம். நம் பிலாங்கரை தேவாலயத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்காகக் கல்லறைத் தோட்டத்தைப் புதுப்பிக்கிறார்கள். மேற்குச் சுவருக்கு வெளியே இருக்கும் மூலையைச் சமன்படுத்தி, வண்டிகள் நிறுத்த இடம் செய்யப்போகிறார்கள். காலஞ்சென்ற உலகன்னான் அங்கேதான் கிடக்கிறார் என்பதை நாம் மறக்கவில்லை. அறுபத்தெட்டில் நடந்தது நடந்துவிட்டது. தேவாலயக் கமிட்டியிடம் பலமுறை பேசி ஒரு வழி கண்டிருக்கிறோம். அவருடைய எலும்புகளை எடுத்து, முறையான பிரார்த்தனையோடு குடும்பக் கல்லறையில் வைக்கலாம். தேவாலயத்துக்கு எதிராக அவர் சாட்சி சொன்னது தவறு என்றும், கிருபை வேண்டும் என்றும் மனைவியாகிய நீங்கள் ஒரு மனு கொடுத்தால் போதும். தேவாலய விகாரியச்சன் எழுதிக் கொண்டுவருவார்.

ஈஸ்டருக்கு முன் முடித்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு நம் ஆசீர்.

ஆபிரகாம் மெத்ராப்போலீத்தா

*

பிலாங்கரை
ஜனவரி 22

தம்பி அவறாச்சன் படிக்க, அக்கா எழுதுவது. உனக்கு உடம்பு நன்றாயிருக்க வேண்டுகிறேன். பாகற்காய் வற்றல் தனியே அனுப்பியிருக்கிறேன். அதைத் தின்னு, அரமனைச் சமையல்காரன் போடுகிற அல்வாவைத் தின்னாதே. தைலம் வந்தது. வலி அப்படியே இருக்கிறது.

நாம் நாம் என்று எழுதியிருக்கிறாயே, உன்னோடு இன்னும் யார் யார் உட்கார்ந்து எழுதினார்கள்? நான் ஒருத்திதான். நாலாம் வகுப்போடு நின்றவள், தப்பு இருந்தால் திருத்திப் படி. நாலாம் வகுப்போடு ஏன் நின்றேன் என்று ஞாபகம் இருக்கிறதா? மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க உனக்குப் பயம். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். ஈரப் பாவாடையோடு என்னை வகுப்பில் உட்காரவைக்க வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. தேவகிருபையால் மெத்ராப்போலீத்தா என்று தலைப்பில் போட்டிருக்கிறாய். போட்டுக்கொள். என் தோளை அதில் சேர்க்க வேண்டாம்.

உன் விகாரியச்சன் வந்தான். சின்னப் பையன், மீசை இப்போதுதான் கறுக்கிறது.

"அம்மச்சி, இங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"என்ன எழுதியிருக்குன்னு வாசி, கேப்போம்."

"என் கணவர் அறியாமையால் திருச்சபைக்கு எதிராகச் சாட்சி சொன்ன குற்றத்தை மன்னித்து, கிருபை கூர்ந்து..."

"அறியாமையா? கோர்ட்ல அவரு நின்னப்ப நீ பொறந்திருந்தியா அச்சோ?"

"இல்ல அம்மச்சி."

"அப்ப அறியாமை யாருக்கு?"

காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். மனு அடுப்புக்குள் போயிற்று.

என் பேரன் ரெஜி போன வருஷம் கணக்கில் தோற்றான். ஆனால் பாஸாகி வந்து நிற்கிறான். எப்படிடா என்றேன். ஓட்டப்பந்தயத்தில் ஓடினதுக்குக் கிரேஸ் மார்க் போட்டார்களாம். அப்படியென்றால் என்னடா என்று கேட்டேன். "எனக்கு எட்டாதத அவங்களாப் பாத்து எட்ட வைக்கிறது அம்மச்சி" என்றான். சரி, அவனுக்கு எட்டவில்லை, வாங்கிக்கொண்டான். உன் அத்தானுக்கு எதில் எட்டவில்லை என்று நீ எனக்கு எழுது. யோனாவின் குடிசை தேவாலய நிலத்தில் நேற்று முளைத்தது என்று கமிட்டி கேஸ் போட்டது. யோனாவின் அப்பன் காலத்திலிருந்து அங்கே அடுப்பு எரிந்ததைப் பார்த்தவர் உன் அத்தான். பைபிளைத் தொட்டுக்கொண்டு, பார்த்ததைச் சொன்னார். நான் சொன்னது பொய் என்று சபை நடுவில் நின்று சொல், இல்லாவிட்டால் உனக்குக் குர்பானா கிடையாது, பூசையில் இடமில்லை என்றார்கள். அவர் சொல்லவில்லை. செத்தபோது மணி அடிக்கவில்லை, பாதிரி வரவில்லை. கழுத்தில் கயிறு போட்டுக்கொண்டவர்களையும் ஞானஸ்நானம் ஆகாத சிசுக்களையும் போடுகிற தெம்மாடிக்குழியில் கொண்டுபோய் வைத்தோம்.

அன்றைக்கு நீ எங்கள் படலுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கறுப்புக் குடை, வளைந்த பிடி. அப்போது நீ பக்கத்து ஊர் விகாரி.

வேறு விசேஷம் இல்லை. மழை இல்லாமல் மிளகு காய்கிறது. மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா சோசாம்மா

*

ஆயர் இல்லம்
பிப்ரவரி 4

அன்புள்ள சேச்சிக்கு, ஆசீரும் நலமும்.

பாகற்காய் வற்றல் வந்தது. சாப்பிடுகிறோம்.

கோபத்தில் எழுதியதற்குக் கோபத்தில் பதில் இல்லை. கிருபை என்பது கூலி அல்ல, தண்டனையும் அல்ல. குறைந்தவனுக்குத்தான் கிருபை என்றால், குறையாதவன் யார்? நமக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். சாப்பாட்டுக்கு முன் நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் எத்தனை முறை அந்தச் சொல் வருகிறது? அதைக் கேட்பதில் என்ன அவமானம்? ஒரு கையெழுத்துதான். அது இல்லாவிட்டால் கமிட்டிக்காரர்கள் மண்வெட்டியோடு வரும்போது நம்மால் எதுவும் செய்ய முடியாது. அவருடைய எலும்பின் மேல் லாரி நிற்பதை நீங்கள் பார்க்க வேண்டுமா?

நோன்பு நாட்களில் உடம்பை வருத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதுக்கு மீன் விலக்கினால் போதும், பாலை விலக்க வேண்டாம்.

ஆபிரகாம் மெத்ராப்போலீத்தா

*

பிலாங்கரை
பிப்ரவரி 15

அவறாச்சனுக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். நோன்பை எப்படிப் பிடிப்பது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்கு நீ சொல்ல வேண்டாம்.

குடையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை நீ. சரி.

கிருபை என்றால் என்னவென்று நாலாம் வகுப்புக்காரிக்குப் பாடம் எடுத்திருக்கிறாய். எனக்குத் தெரிந்த கிருபையை நான் சொல்கிறேன், நீ கேள். உன் அத்தான் போனது நோன்புக்காலத்தில். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பெரிய வியாழனுக்குப் பெசகா அப்பம் சுடக் கூடாது, அக்கம்பக்கத்தில்தான் கொண்டுவந்து தர வேண்டும், இது உனக்குத் தெரியாததில்லை. பெசகா வியாழன் சாயங்காலம் மூன்று பிள்ளைகளையும் கை கால் கழுவச் சொல்லி, விளக்கேற்றி, பாயில் உட்காரவைத்துக் காத்திருந்தேன். ஒரு வீட்டுக்காரரும் வரவில்லை. தேவாலயம் கைவிட்டவனின் வீட்டுக்கு அப்பம் கொண்டுபோனால் தங்களுக்கும் சேர்த்து மணி அடிக்காமல் போய்விடுமோ என்று பயம். யார் யார் வீடு என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். நம் சித்தப்பா வீடும் அதில் உண்டு. கொத்தமல்லிக் கட்டு வேண்டுமென்று போன வாரம் அந்த வீட்டு மருமகள் வந்தாள். இல்லை என்றேன். தோட்டத்தில் பச்சையாக நின்றது.

இருட்டினபின் பின்வாசலில் யோனாவின் மனைவி மார்த்தா நின்றாள். கையில் இலையில் கட்டின அப்பம். நாமும் அவர்களும் ஒரே தேவாலயம்தான், ஆனால் அவர்கள் கடைசியில் நிற்பார்கள், அவர்கள் கையால் நம்மவர்கள் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அவளுக்கும் அது தெரியும்.

"கொச்சம்மா சாப்பிட மாட்டீங்கன்னு தெரியும். ஆனா கொண்டு வராம இருக்க முடியல."

"உள்ள வா."

"வேண்டாம் கொச்சம்மா, இங்கயே..."

"கொச்சம்மாவும் வேண்டாம், இங்கயேயும் வேண்டாம். சேச்சின்னு கூப்பிடு. உள்ள வந்து உக்காரு. நீயே பிட்டுக் குடு."

அவள் கையால் பிட்டுக் கொடுத்தாள். நாங்கள் சாப்பிட்டோம். உப்புக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. நான் கேட்கவும் இல்லை, அவள் என்னிடம் மனு வாங்கவும் இல்லை. உன் புத்தகத்தில் இருக்கிற கிருபை இதுதான் என்றால், அது எனக்கு வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. கமிட்டிக்காரர்களிடம் இருப்பது வேறு ஏதோ சரக்கு.

கையெழுத்துப் போட மாட்டேன். உன் கால் வீக்கம் எப்படி என்று நீ எழுதுவதே இல்லை. எழுது.

சோசாம்மா

*

பிலாங்கரை
மார்ச் 20

தம்பிக்கு. போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று உன் டிரைவரிடம் ஆள் விட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறாயாம். சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை காலையில் கமிட்டிக்காரர்கள் மண்வெட்டிக்காரர்களோடு வந்தார்கள். மார்த்தா ஓடிவந்து சொன்னாள். அவளுடைய மகள் லேயாவும் அங்கேதான் கிடக்கிறாள். எவனையோ நம்பி வயிற்றில் வாங்கிக்கொண்டு ஆற்றில் இறங்கின பெண். நாங்கள் இரண்டு பேரும் போய் நடுவில் உட்கார்ந்தோம்.

"எந்திரிங்க சேச்சி, மம்பட்டி பட்டுரும்" என்றான் கப்பியார் பைலி. மணியடிக்கிறவனுக்கு இப்போது மேஸ்திரி வேலையும் சேர்த்து.

"படட்டும் பைலி. பட்டா அப்படியே மண்ணத் தள்ளி மூடிரு. எனக்குன்னு தனியா வெட்ட வேண்டியதில்ல பாரு."

"ஐயோ, நீங்க வெளையாடாதீங்க."

"வெளையாட்டுன்னா சிரிச்சிட்டுச் சொல்லுவேன். என் மூஞ்சியப் பாரு."

விகாரியச்சன் வந்தான். வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது, பாவம்.

"மெத்ராப்போலீத்தா திருமேனியோட சேச்சி இப்படித் தெம்மாடிக்குழியில உக்காரலாமா அம்மச்சி? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"திருமேனியோட சேச்சி வீட்ல இருக்கா. இங்க உக்காந்திருக்கிறது உலகன்னானோட பொண்டாட்டி."

மார்த்தா சிரித்துவிட்டாள். மண்வெட்டிக்காரர்களும் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் போனவர்கள் அப்புறம் வரவில்லை. நாளைக்கு அவர்கள் வந்தால் நாங்களும் வருவோம்.

இப்போது என் வேண்டுகோளை நீ எழுதிக்கொள். மனு என்று வைத்துக்கொண்டாலும் சரி. நான் செத்தால் குடும்பக் கல்லறையில் வைக்கக் கூடாது. அந்த மூலையில் அவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிரார்த்தனை இல்லாவிட்டால் பரவாயில்லை. மெத்ராப்போலீத்தாவின் கூடப்பிறந்தவளைத் தெம்மாடிக்குழியில் போட்டார்கள் என்று பத்திரிகைக்காரன் எழுதினால் அது என் குற்றம் இல்லை.

வெயில் கடுமை. வெளியில் போகும்போது குடை எடுத்துக்கொள். உனக்கு அது பழக்கம்தானே.

சோசாம்மா

*

ஆயர் இல்லம்
மார்ச் 26

சேச்சிக்கு.

மண்வெட்டி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நீங்கள் வெயிலில் உட்கார வேண்டாம். ரத்த அழுத்தம் இருக்கிற உடம்பு.

கமிட்டியிடம் நேரில் பேசினேன். மனு வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம். உலகன்னான் மேல் எடுத்த நடவடிக்கை காரணமற்றது என்று தேவாலயப் பதிவில் எழுதி, நூற்றைம்பதாம் ஆண்டுப் பெருநாளன்று சபையில் வாசிப்பார்கள். எலும்புகளை மணியடித்துக் குடும்பக் கல்லறைக்குக் கொண்டுபோகலாம். இதற்கு அவர்களைச் சம்மதிக்கவைக்க எவ்வளவு பாடு என்று நான் எழுதப் போவதில்லை.

மற்ற நாலு பேர் விஷயம் வேறு. லேயா, ஞானஸ்நானம் ஆகாத ஒரு சிசு, ஊர் தெரியாத வண்டிக்காரன், கயிற்றில் தொங்கின கோரா. அவர்களுக்காகப் பேச என்னால் முடியவில்லை. அந்த இடம் சமன்படுத்தப்படும். இதற்கு மேல் கேட்காதீர்கள். நீங்கள் கேட்ட நியாயம் கிடைத்துவிட்டது.

ஆபிரகாம்

*

பிலாங்கரை
ஏப்ரல் 5

அவறாச்சனுக்கு. ஈஸ்டர் வாழ்த்து. பெசகா அப்பம் இந்த வருஷம் நன்றாக வந்தது. உனக்கு ஒரு துண்டு எடுத்துவைத்தேன். நீ வரவில்லை, கோழி தின்றது.

உன் கடிதத்தை மார்த்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாலு பேர் என்ற இடம் வந்தபோது நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க சேச்சி. ஒருத்தருக்காவது மணி அடிக்கட்டும். என் கொழந்த மேல வண்டி நின்னா அவளுக்கு என்ன தெரியப்போகுது" என்றாள்.

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. சபை நடுவில் காரணமற்றது என்று வாசிப்பார்கள் என்றாயே, அந்த வார்த்தையைக் கேட்க நான் இத்தனை வருஷம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கேட்க வேண்டியவர்கள் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மிச்சப் பேரையாவது கேட்கவைக்க வேண்டும். ஆனால் யோனாவின் அடுப்புக்காகச் சாட்சி சொன்ன மனுஷனை, யோனாவின் மகளை வண்டிக்கு அடியில் விட்டுவிட்டு நான் தூக்கிக்கொண்டு போக முடியுமா? போனால் அவர் எலும்பு என்னைப் பார்த்துக் காறித் துப்பும்.

நீ படித்தவன், உனக்கே இது தெரிய வேண்டும். குறைந்தவனுக்குத்தான் கிருபை என்று எழுதினாய். லேயாவுக்குக் கொடு. கோராவுக்குக் கொடு. கேட்க வாய் இல்லாத சிசுவுக்குக் கொடு. உங்கள் வீட்டில் அது மூட்டை மூட்டையாக இருக்கிறது என்றுதானே ஞாயிற்றுக்கிழமை தோறும் சொல்கிறீர்கள்? உன் அத்தானுக்கு மட்டும் அது வேண்டாம். அவருக்கு நியாயம் கொடு. இரண்டையும் கொடு.

கால் வீக்கம் பற்றி இன்னும் எழுதவில்லை.

சோசாம்மா

*

ஆயர் இல்லம்
மே 2

அன்புள்ள சேச்சிக்கு.

கால் வீக்கம் குறையவில்லை. இரவில் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

இரண்டையும் கேட்டேன். மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் கமிட்டி ஒன்றுக்குத்தான் இறங்கிவருகிறது. எதை எடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள். முதலாவது, நான் முன்பு எழுதியது: உலகன்னான் அத்தானுக்கு நியாயம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது: மேற்குச் சுவரை இடித்து அந்த மூலையைத் தோட்டத்தோடு சேர்த்துவிடுவோம். எல்லாரும் கிடக்கிற இடத்திலேயே கிடப்பார்கள். பெருநாளன்று நான் போய், ஐந்து பேருடைய பெயரையும் சொல்லி, வழிதவறின இவர்கள் மேல் கிருபை உண்டாகட்டும் என்று பிரார்த்தனை வாசிப்பேன். ஐவருக்கும் ஒரே பிரார்த்தனை. அத்தானைப் பற்றித் தனியாக ஒரு சொல்லும் கிடையாது. அப்படிச் சொன்னால் தேவாலயத்தையே குற்றவாளி ஆக்குவதாகும் என்கிறார்கள்.

அத்தானைக் கொண்டுபோன அன்று மழை இல்லை, சேச்சி. வெயிலும் இல்லை.

அவறாச்சன்

*

பிலாங்கரை
மே 9

தம்பிக்கு அக்கா எழுதுவது. காலுக்கு முருங்கை இலை ஒத்தடம் கொடுக்கச் சொல். உப்பைக் குறை.

கடைசியில் நீ எழுதியிருந்த வரியைப் படித்தேன். குடை உன் முகத்தை மறைக்க என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டேன். சரியாகிவிட்டது என்று நினைக்காதே.

சுவரை இடி. ஐந்து பேர் பெயரையும் வாசி.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லவில்லை என்று சொல்லாதே. வழிதவறின உலகன்னான் என்று நீ வாசிக்கும்போது நான் எழுந்து நிற்பேன். சபை முழுக்க இருக்கும், பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள், கூட நாலு திருமேனிகள் இருப்பார்கள். இருக்கட்டும். என் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். இருபத்தாறு வருஷம் வாயில் வைத்திருக்கிறேன், நன்றாக ஊறியிருக்கிறது. மைக் வேண்டாம், எனக்குக் குரல் போதும். கப்பியாரை விட்டு என்னை உட்காரவைக்கப் பார்த்தால் அவனுக்குத்தான் கேவலம்.

மார்த்தாவுக்குப் புது முண்டு எடுத்திருக்கிறேன். முன்வரிசையில் என் பக்கத்தில் உட்காருவாள்.

சோசாம்மா

*

பிலாங்கரை
மே 30

தம்பி அவறாச்சனுக்கு. அத்தனை நேரம் நின்றதில் கால் என்ன ஆயிற்று? உடனே எழுது. இங்கே நான் சுகம், மார்த்தாவும் சுகம். அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல், அழுத காய்ச்சல்தான், தீர்ந்துவிட்டது.

எனக்கு உன் மேல் கோபம். எதற்கென்று சொல்கிறேன்.

லேயா பெயரைச் சொல்லி வாசித்தாய். சிசுவுக்கு வாசித்தாய். அதற்குப் பெயர் இல்லையே என்ன செய்வான் என்று பார்த்தேன். மார்த்தாவிடம் குனிந்து கேட்டு, லேயாவின் பக்கத்தில் கிடக்கிற குழந்தை என்று சொன்னாய். வண்டிக்காரனுக்கும் கோராவுக்கும் வாசித்தாய். அப்புறம் உலகன்னான் என்றாய். நான் எழுந்துவிட்டேன். வாயையும் திறந்துவிட்டேன்.

நீ புத்தகத்தை மூடி விகாரியச்சன் கையில் கொடுத்தாய். இடித்த சுவரின் கல்லைப் பிடித்துக்கொண்டு அந்த மண்ணில் முழங்கால் போட்டாய். வீங்கின காலோடு. "இவருக்காக வாசிக்க எனக்கு ஒன்றுமில்லை. இவர் பார்த்ததைச் சொன்னார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். கிருபை இவரிடம்தான் நான் கேட்க வேண்டும்" என்றாய். இவ்வளவுதான். கமிட்டித் தலைவரின் முகம் போன போக்கைப் பார்த்தாயா? நான் பார்த்தேன். சாகும்வரை எனக்கு அது போதும்.

ஆனால் நான் சொல்ல வைத்திருந்தது? என் வாயிலிருந்ததை நீ எடுத்துச் சொல்லிவிட்டாய். நான் திறந்த வாயோடு நிற்கிறேன். மார்த்தா என் கையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க சேச்சி, ஈ பூந்துரும்" என்றாள். இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்த வார்த்தை எல்லாம் வீண். இரண்டு நாளாக நெஞ்செரிச்சல். அதற்குப் பரிகாரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உட்கார்ந்து, முழுவதையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போ. கமிட்டியைப் பற்றிப் பாதி, உன்னைப் பற்றிப் பாதி. கப்பைக்கிழங்கும் மீனும் வைக்கிறேன். மார்த்தாதான் பரிமாறுவாள்.

கமிட்டிக்காரர்கள் உன் மேல் மேலிடத்துக்கு எழுதப்போகிறார்களாம். எழுதட்டும். உன்னை இறக்கிவிட்டால் வீட்டுக்கு வா, மாடியறை காலியாகத்தான் கிடக்கிறது.

இன்று காலை பைலியைக் கூட்டிக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன். உன் அத்தானுக்கு வலப்பக்கம், லேயாவுக்கு இந்தப் பக்கம், ஒரு ஆள் நீளத்துக்கு இடம் இருக்கிறது. அளந்து நாலு மூலையிலும் கல் நடவைத்தேன். "கமிட்டியில ஒரு வார்த்த கேட்டுட்டு நட்டிருக்கலாமே சேச்சி" என்றான் பைலி.

கேட்கவில்லை.

உன் அக்கா
சோசாம்மா